எடையைக் குறைத்தேன், யூரிக் ஆசிட் ஏறிவிட்டதே டாக்டர்?

கடிதம் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 41, சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை, காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்திருப்பாராம். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன்.

உயரம் 168 சென்டிமீட்டர், ஏப்ரலில் எடை 97 கிலோ, இடுப்புச் சுற்றளவு 42 இன்ச். மூன்று வருடமாக பிரஷர் மாத்திரை. இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்த முழு உடல் பரிசோதனையிலேயே யூரிக் ஆசிட் 8.4 இருந்திருக்கிறது, வலி ஒன்றும் இல்லாததால் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விட்டது. மே மாதம் குடும்பத்தோடும் மச்சானோடும் ஏற்காடு போய் இரண்டு நாள் கறியும் பீருமாக இருந்துவிட்டு இறங்கி வந்த அன்று, ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிற அளவுக்கு வலி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு நான்கு நாளில் சரியானது. பிறகு பார்த்த டாக்டர் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நம்மவர் மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்திவிட்டு எடையை மட்டும் பிடித்துக்கொண்டார். இணையத்தில் படித்து, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறை: காலையில் 100 பாதாம், மதியம் அரை கிலோ மட்டன், நடுவில் பட்டர் டீ, ராத்திரி பட்டினி. மூன்றே வாரத்தில் 6 கிலோ இறங்கி 91. ஊரெல்லாம் பாராட்டு. நான்காவது வாரம் அதே பெருவிரல், இந்த முறை கணுக்காலும் சேர்ந்து. டெஸ்ட் எடுத்தால் 9.3.

"எடை குறைஞ்சா யூரிக் ஆசிட் குறையும்னு சொன்னாங்க, எனக்கு ஏறிடுச்சு. யூரிக் ஆசிட்தான் எடையை ஏத்துதுன்னு வீட்ல சொல்றாங்க. என் மச்சான் 60 கிலோதான், அவருக்கும் இதே வலி. அப்ப எடைக்கும் இதுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கா? மாத்திரையா, எடையா, எதை முதல்ல பார்க்கணும்? ஆடிப் பண்டிகை வேற வருது" என்று முடித்திருக்கிறார்.

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களை ஏமாற்றியது அந்த டாக்டர் சொன்ன வார்த்தை இல்லை, நீங்கள் போன வேகம். எடை குறைந்தால் யூரிக் ஆசிட் குறையும் என்பது சரிதான். ஆனால் எடை இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், அதுவும் பட்டினி கிடந்து வேகமாக இறங்கும்போது, அது ஏறும். இரண்டும் ஒரே உடம்பில் நடக்கிற விஷயங்கள்தான், காலம் மட்டும் வேறு.

சேலத்துக்காரருக்கு மேட்டூர் அணையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தினமும் பேப்பரில் நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, மட்டம் எவ்வளவு என்று பார்க்கிறோம் இல்லையா, உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 9.3 அந்த நீர்மட்டம் மாதிரி. நம் உடம்பின் செல்கள் ஓயாமல் அழிந்து புதிதாகின்றன, அப்போது வெளியாகும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. வரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளேயே உண்டாவது, சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். திறப்புக்கு இரண்டு ஷட்டர். பெரியது சிறுநீரகம், மூன்றில் இரண்டு பங்கு அதன் வழியாகப் போகிறது. மீதி குடல் வழியாக. சிறுநீரகம் ஒரு விசித்திரமான வேலை செய்கிறது, வடிகட்டிய யூரிக் ஆசிட்டில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த இடத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் மட்டம் தடதடவென்று ஏறிவிடும். 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் ஆசிட் கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டத் தொடங்கும். பெருவிரல் போல உடம்பிலேயே குளிர்ச்சியான ஓரங்களில் அது சுலபமாகக் கட்டும்.

இதில் எடை எங்கே வருகிறது? இரண்டு பக்கமும் வருகிறது. கொழுப்புத் திசு, முக்கியமாக வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படிகிற கொழுப்பு, தானே யூரிக் ஆசிட்டை உண்டாக்கக் கூடியது, அது வரத்து. இன்னொரு பக்கம், தொப்பை கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும், அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்திடம் போய் "உப்பையும் யூரிக் ஆசிட்டையும் வெளியே விடாதே" என்கிறது. இதுதான் பெரிய அடி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட மாதிரி. அதனால்தான் உங்கள் எடையைவிட அந்த 42 இன்ச் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இன்ச்சுக்குள் இருக்க வேண்டும் (பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், நம்மில் பாதிப்பேர் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் போடுகிறோம், நானும் சேர்த்துத்தான்). உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கில் நீங்கள் 34-லிருந்து 32-க்கு வந்திருக்கிறீர்கள். இந்தியர்களுக்கு 25-க்கு மேல் போனாலே உடல் பருமன்தான்.

பட்டினியில் ஏன் ஏறியது?

சாப்பாடு இல்லாமலோ, மாவுச்சத்தே இல்லாமலோ இருந்தால் உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும். பேலியோவில் எல்லோரும் கொண்டாடுவது இதைத்தான். இந்தக் கீட்டோன்களும் யூரிக் ஆசிட்டும் சிறுநீரகத்தில் ஒரே வாசலைப் பயன்படுத்துபவை, கீட்டோன் கூடும்போது யூரிக் ஆசிட் வெளியே போக முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. அதோடு வேகமாக எடை இறங்கும்போது உங்கள் சொந்தத் திசுவே உடைகிறது, அதிலிருந்தும் பியூரின் வரும். அதற்கு மேல் தினம் அரை கிலோ மட்டன். சேலத்து வெயிலில், ஊது உலைப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்காமல் இருப்பதாக நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரத்து எல்லா ஆற்றிலிருந்தும் வருகிறது, ஷட்டரைப் பூட்டியாயிற்று. 9.3 வராமல் என்ன செய்யும்? வலி இருக்கும்போது யூரிக் ஆசிட் அளவு சில சமயம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், வலி முழுக்கத் தணிந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

பேலியோவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் முன்பு தினமும் பட்டறைக்கு வரவழைத்துக் குடித்த இரண்டு கரும்புச்சாறும் ஒரு பாட்டில் குளிர்பானமும் அதனால் நின்றதே, அது நல்ல காரியம். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அது கல்லீரலில் உடையும்போதே யூரிக் ஆசிட்டை உண்டாக்கும், கறியே தொடாதவர்களுக்கும் இந்த வழியில் ஏறும். அதை நிறுத்தியதை மட்டும் தொடருங்கள், பட்டினியையும் அரை கிலோ மட்டனையும் விட்டுவிடுங்கள். குறைந்த 6 கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டாம், இங்கிருந்து வாரத்துக்கு அரை கிலோ என்று இறங்குங்கள். 91-லிருந்து 82-க்கு வர நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். யாரும் பாராட்ட மாட்டார்கள், பெருவிரல் பேசாமல் இருக்கும்.

வீட்டில் சொல்வதும், மச்சான் கதையும்

யூரிக் ஆசிட்தான் எடையை ஏற்றுகிறது என்று உங்கள் மனைவி சொல்வது தலைகீழ். இரண்டும் சேர்ந்தே இருப்பதால் எது எதற்குக் காரணம் என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்ததுதான். மரபணுவை வைத்துச் செய்த ஆய்வுகள், எடை கூடினால் யூரிக் ஆசிட் கூடுகிறது என்றுதான் காட்டுகின்றன. மறுபக்கமாக, யூரிக் ஆசிட் எடையை ஏற்றுவதற்கு அப்படி ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே யூரிக் ஆசிட் மாத்திரை போட்டால் இளைத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மச்சான் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. எடை ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. சிறுநீரகத்தின் அந்தத் திரும்ப இழுக்கும் வேலை ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே கூடக்குறைய இருக்கும், அது குடும்பத்தில் ஓடும். ஒல்லியான ஆளுக்கும் கௌட் (யூரிக் ஆசிட் படிகத்தால் வரும் இந்த மூட்டுவலி) வரும், 110 கிலோ ஆளுக்கு வராமலே போகும். யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை மூட்டுவலி வருவதே இல்லை. அதனால்தான் வலி இல்லாமல் வெறும் ரிப்போர்ட்டில் 8.4 இருந்தால் பொதுவாக நாங்கள் மாத்திரை எழுதுவதில்லை. இரண்டு வருடம் முன்பு நீங்கள் மாத்திரை போடாததில் தப்பில்லை. அப்போதே எடையைக் கவனித்திருக்கலாம், அவ்வளவுதான். மச்சானுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், ஒல்லியானவர்களிடம் நான் முதலில் தேடுவது அதைத்தான், அப்புறம் குடியை.

பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம் இது. மருந்துப் பெயருக்குப் பின்னால் எச் என்ற எழுத்து இருக்கிறதா, அல்லது உட்பொருளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று போட்டிருக்கிறதா? இவை சிறுநீர் பிரியவைத்து பிரஷரைக் குறைப்பவை, பிரஷருக்கு நல்ல மருந்துகள், ஆனால் யூரிக் ஆசிட்டைத் தேக்கிவிடும். இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் வழக்கம் தெரியும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். டாக்டரிடம் அட்டையைக் காட்டி மாற்று உண்டா என்று கேளுங்கள். லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரைக்கு யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கிற குணமே உண்டு. உங்களுக்கு ஏற்றதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

தொழில் சம்பந்தமாகவும் ஒன்று. உங்கள் பட்டறையிலோ பக்கத்திலோ ஈயம் வைத்து வெள்ளியைச் சுத்தம் செய்கிற வேலை நடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈயப் புகை நாள்பட உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் கெட்டு கௌட் வரும் என்பது மருத்துவத்தில் மிகப் பழைய செய்தி, நீங்கள் சொன்னால் ஒழிய நாங்கள் அந்தத் திசையில் யோசிப்பதில்லை.

மாத்திரையா, எடையா?

எடையை மட்டும் நம்பினால் போதுமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஐந்து, பத்து கிலோ குறைத்து, குடியையும் சர்க்கரையையும் நிறுத்தினால் நல்ல மாற்றம் தெரியும், ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் பொதுவாக 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்குகிறது. 9.3-லிருந்து 6-க்குக் கீழே வர அது எட்டாது. 6-க்குக் கீழே வைத்திருந்தால்தான் ஏற்கெனவே கட்டிய படிகம் கரையும். ஒரே வருடத்தில் இரண்டு முறை வலி வந்தவருக்கு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதுதான் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை, உங்களுக்கு இரண்டு மாதத்திலேயே இரண்டு.

ஆனால் மருந்தைத் தொடங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் கொடுத்தால்தான் ஆட்கள் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அலோபியூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களில் படிகங்கள் கரையத் தொடங்கும்போதே வலி வரலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை, அசைகிற படிகம் குத்துகிறது. அதற்காகத்தான் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி மெதுவாக ஏற்றுவது, கூடவே மூன்றிலிருந்து ஆறு மாதம், அந்த வலி வராமல் தடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பது. மெதுவாக எடை குறைக்கும்போது வரக்கூடிய சில்லறை வலிக்கும் அதே காவல்தான். வலி வந்தாலும் அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது. ஒரே ஒரு விஷயத்துக்கு உடனே நிறுத்த வேண்டும்: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அரிதாக இந்த மருந்துக்கு மோசமான ஒவ்வாமை உண்டு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில்.

மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரஷர் உள்ளவர், கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரியாதவர், தண்ணீர் குடிக்காதவர், இந்த மூன்றும் நீங்கள்தான். டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடுத்த முறை வலி வந்தால் எதைப் போடுவது என்று இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு முதல் நாளே தொடங்குங்கள், காலைத் தூக்கி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், அன்றைக்கு நடைப்பயிற்சி வேண்டாம். குளிர்காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், வீட்டில் காத்திருக்காதீர்கள்.

போகும்போது கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, கொழுப்பு, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். உங்கள் இடுப்பளவுக்கு சர்க்கரை எட்டிப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம், சிறுநீரகக் கல்லும் அப்படித்தான்.

ஆடியும் அடுப்படியும்

வீட்டில் பருப்பு, கீரை, தக்காளி, காபி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், இவ்வளவு கஷ்டம் தேவையே இல்லை. பருப்பிலும் கீரையிலும் காளானிலும் பியூரின் இருக்கிறது, உண்மை. ஆனால் காய்கறி வழியாக வரும் பியூரின் கௌட்டைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. சாம்பார் சாப்பிடுங்கள். முட்டையில் பியூரின் மிகக் குறைவு. ஆடை எடுத்த பால், தயிர், மோர் யூரிக் ஆசிட்டைக் குறைக்க உதவும், பட்டறைக்கு ஒரு தூக்கு நிறைய நீர்மோர் எடுத்துப் போனால் தண்ணீர்ப் பிரச்சினையும் பாதி தீரும் (உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்). காபியை நிறுத்தச் சொன்னது யார்? காபி குடிப்பவர்களிடம் யூரிக் ஆசிட் குறைவாகவே காணப்படுகிறது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் அது, பக்கத்திலேயே விளைகிறதை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, சர்க்கரை மட்டும் வேண்டாம். மாம்பழம் ஒரு துண்டு இரண்டு துண்டு சரி, மாம்பழ ஜூஸ் வேண்டாம். தட்டுவடை செட்டில் பியூரின் பயம் எதுவும் இல்லை, எண்ணெயும் எடையும்தான், வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப் பண்டிகைக்கு வருவோம். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வீட்டுக்கு வீடு கறி சமைக்கிற ஊரில் உங்களை மட்டும் தயிர்சாதம் சாப்பிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரல், குடல், தலைக்கறி, மூளை, இந்த நான்கும் இந்த வருடம் உங்கள் இலைக்கு வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பும் வேண்டாம், கறியின் பியூரின் தண்ணீரில்தான் இறங்குகிறது, அதனால் குழம்பை அள்ளி ஊற்றிக்கொள்ளாமல் இரண்டு மூன்று துண்டுக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். நெத்திலி, மத்தி வேண்டாம்; மேட்டூர் மீன் ஒரு துண்டு பரவாயில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து மறுநாள் மொத்தமாகச் சாப்பிடுகிற கணக்கு உங்களுக்கு ஆகாது, மே மாதமும் ஜூன் மாதமும் தனித்தனியாகச் செய்ததை ஒரே நாளில் செய்த மாதிரி ஆகிவிடும். பீர் கிடையாது. "பீர் வேண்டாம், பிராந்தி ஓகேவா" என்று மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொன்ன வரியையும் படித்தேன். பீர் அளவுக்கு மோசம் இல்லை என்றாலும் பிராந்தியும் ஏற்றும், மட்டம் 6-க்குக் கீழே வந்து ஆறு மாதம் ஆகும்வரை இரண்டு பேருக்கும் எதுவும் வேண்டாம்.

நடையை வலி முழுக்கப் போன பிறகு தொடங்குங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையோ, உங்கள் தெருவோ, தினமும் அரை மணி நேரம். பட்டறையில் மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், நாள் முடிவில் இரண்டு, இரண்டரை லிட்டர் ஆகிவிடும். மருந்து தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு முறை யூரிக் ஆசிட் பார்த்து டாக்டர் அளவை ஏற்றுவார், அந்த ரிப்போர்ட்டிலேயே அன்றைய எடையையும் தொப்புள் மட்டத்து இடுப்பளவையும் பேனாவால் எழுதி வைத்து, நான்கைந்து தாள் சேர்ந்ததும் அனுப்புங்கள். இந்த முறை பீரோவில் வைக்க வேண்டாம்.